விளக்கு ஏன் மினுக்குகிறது? வயர்மேனிடம் சில கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, இதே பகுதியில் வயரிங் வேலை பார்க்கும் நான் எழுதிய பதில்கள் இவை. கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "விளக்கு மினுக்குகிறது" என்று மட்டும் எழுதினால் நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். மினுக்குவது ஒரு விளக்கா, ஓர் அறையா, வீடு முழுவதுமா, தெருவுக்கேவா? எந்த நேரத்தில், எதை ஓட்டும்போது? இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாலக்கோடு: கூடத்தில் ஒரே ஒரு எல்.இ.டி. பல்பு மட்டும் மினுக்குகிறது. இரண்டு முறை மாற்றிவிட்டேன், பயனில்லை.

மூன்றாவது பல்பு வாங்காதீர்கள். மினுக்கும் பல்பைச் சமையலறை ஹோல்டரிலும், சமையலறைப் பல்பைக் கூடத்திலும் மாட்டிப் பாருங்கள். பல்போடு மினுக்கலும் இடம் மாறினால் பல்பில் குறை. கூடத்திலேயே தங்கிவிட்டால் ஹோல்டரிலோ சுவிட்சிலோ குறை. மெயினை அணைத்துவிட்டு ஹோல்டருக்குள் பாருங்கள்: பல்பைத் தொடும் இரண்டு பித்தளை முனைகளும் விரலால் அழுத்தினால் துள்ளி மேலே வர வேண்டும். அமுங்கியே கிடந்தாலோ, சுற்றிலும் கருகியிருந்தாலோ ஹோல்டரை மாற்றுங்கள். பல்பின் விலையைவிடக் குறைவுதான். ஹோல்டர் நன்றாக இருந்தால், சுவிட்சைப் போடும்போது சுர்ரென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்; வந்தால் குறை சுவிட்சில்.

பல்பிலேயே குறை என்றால் பெரும்பாலும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் என்ற சிறு பாகம் சூட்டில் வற்றியிருக்கும். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் எல்.இ.டி. பல்பை மாட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

தேன்கனிக்கோட்டை: சுவிட்சை அணைத்த பிறகும் மாடிப்படி விளக்கு சில நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது. பாட்டி வேறு எதையோ சொல்லிப் பயமுறுத்துகிறார்.

பாட்டியிடம் தைரியம் சொல்லுங்கள். அந்தச் சுவிட்சில் சிவப்பாக ஒரு சிறு காட்டி விளக்கு எரிகிறதா? அதன் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் பல்பின் கெப்பாசிட்டரை மெல்ல நிரப்புகிறது. நிரம்பியதும் ஒரு மின்னல், மறுபடி முதலிலிருந்து. பழைய குண்டு பல்புக்கு இந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. காட்டி இல்லாத சுவிட்ச் போட்டால் நின்றுவிடும். காட்டியே இல்லை என்றால், சுவிட்ச் பேஸில் (மின்சாரம் வரும் வயர்) இல்லாமல் நியூட்ரலில் (அது திரும்பும் வயர்) இருக்கிறதா என்று வயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் விளக்கை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.

காவேரிப்பட்டணம்: மாந்தோப்புக்குள் வீடு. போர்வெல் மோட்டார் போட்டால் எல்லா விளக்கும் மங்குகிறது.

கிளம்பும்போது ஒரு நொடி மங்குவது இயல்பு. மோட்டார் கிளம்ப, ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். ஓடி முடியும்வரை மங்கலாகவே இருந்தால் வயர் போதவில்லை.

கணக்கைப் பாருங்கள். மோட்டார் 40 மீட்டர் தள்ளி இருக்கிறது, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். போக வர 80 மீட்டர், தடை ஏறக்குறைய 1 ஓம். ஓடும்போது 10 ஆம்பியர் என்றால் 10 வோல்ட் வழியிலேயே போகிறது. கிளம்பும்போது 50 ஆம்பியர் என்றால் 50 வோல்ட் போகிறது. 4 சதுர மில்லிமீட்டர் வயரில் இந்த இழப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். அதோடு, மோட்டார் வயரை மெயின் போர்டிலிருந்து தனியாகக் கொண்டுபோக வேண்டும். அறைப் போர்டிலிருந்து இழுத்துவிட்டு விளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

பென்னாகரம் பக்கம்: ஆட்டுக் கொட்டகையில் இரண்டு குண்டு பல்பு. பங்குனி, சித்திரையில் மங்கி மங்கி எரிகின்றன. நல்ல மழை பெய்தால் சரியாகிவிடுகிறது. இது வோல்டேஜ் கோளாறா ஐயா?

மழையையும் விளக்கையும் சேர்த்து எழுதினீர்களே, அதுதான் துப்பு. கொட்டகைக்கு வீட்டிலிருந்து ஒற்றை வயர்தான் போகிறது என்று நினைக்கிறேன். நியூட்ரல் வயருக்கு ஆகும் காசை மிச்சம் பிடிக்க, மண்ணில் ஒரு கம்பியை அடித்து அதில் பல்பின் இன்னொரு முனையைக் கட்டியிருப்பார்கள். நம் பக்கம் மேலே ஓரடி மண், கீழே பாறை. கோடையில் அந்த மண் காய்ந்தால் கம்பியின் தடை பல நூறு ஓம் வரை ஏறும். எரியும் 100 வாட் குண்டு பல்பின் தடை சுமார் 530 ஓம். மண்ணின் தடையும் அந்த அளவுக்கு வந்துவிட்டால் 230 வோல்ட்டில் பாதிக்கு மேல் மண்ணே விழுங்கிவிடும். மழை பெய்து மண் நனைந்தால் பல்புக்கு மறுபடி உயிர் வருகிறது.

மங்குவதை விடுங்கள். மண் விழுங்கும் அந்த வோல்ட் முழுவதும் கம்பியில் நிற்கிறது. ஆடு உரசினாலும் பிள்ளைகள் தொட்டாலும் உயிர் போகும். இன்றே கொட்டகை இணைப்பைத் துண்டித்துவிட்டு, பேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று வயரும் போட்டு வாங்குங்கள். இன்னொன்றையும் கேட்க வேண்டும். மின்சாரம் கசிந்தால் தானே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வீட்டில் இருந்திருந்தால் இப்படி எரியவே விட்டிருக்காது, உடனே விழுந்திருக்கும். அது இல்லையா, அல்லது "அடிக்கடி விழுகிறது" என்று யாராவது கழற்றிவிட்டார்களா? கழற்றியவரை மறுபடி வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

ஓசூர்: மும்முனை இணைப்பு. நேற்று மாலை முன்னறை விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன, பின்னறையில் மங்கின. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

விடக்கூடாது. நியூட்ரல் எங்கோ அறுந்தோ தளர்ந்தோ இருக்கிறது. நியூட்ரல் போனால் இரண்டு பேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டை அறைகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். குறைவான சாதனங்கள் ஓடும் பக்கத்துக்கு அதிக வோல்ட் போகும். டி.வி.யும் பிரிட்ஜும் எரிவது இப்படித்தான். மறுபடி நடந்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் "நியூட்ரல் கோளாறு" என்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள நியூட்ரல் லிங்க் திருகுகளை வயர்மேன் பார்க்கட்டும். மீட்டருக்கு அந்தப் பக்கம் வாரியத்தின் வேலை, அங்கே யாரும் கை வைக்க வேண்டாம்.

ஒருமுனை இணைப்பு உள்ளவர்களுக்கும் ஓர் அடையாளம் சொல்கிறேன். சுவிட்ச் போட்டிருந்தும் விளக்கெல்லாம் எரியாமல் கிடக்கும்போது, பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது.

அரூர்: காற்றடித்தால் மட்டும் வீடு முழுவதும் மினுக்குகிறது. பக்கத்து வீட்டில் இல்லை.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர்தான். கம்பத்திலோ, வீட்டுச் சுவரிலோ இணைப்பு ஆடுகிறது. அலுமினிய வயரைச் செம்பு வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தால் சில மழைக்காலத்திலேயே அலுமினியம் அரித்துவிடும். இரண்டு உலோகத்துக்கும் உரிய இணைப்பான் போட வேண்டும். கம்ப வேலைக்கு லைன்மேன் வரட்டும், நீங்கள் ஏணி எடுக்க வேண்டாம்.

ஊத்தங்கரை: ஊர் முழுக்க மினுக்குகிறது. விடியற்காலையில்தான் அதிகம்.

பாசன நேரமா என்று பாருங்கள். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டென்சர் வைத்து இரண்டு பேஸில் மோட்டார் ஓட்டும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அப்போது மூன்று பேஸிலும் சுமை சமமாக இருக்காது, வீடுகளுக்கு வரும் வோல்ட் ஏறி இறங்கும். ஒரு வீட்டில் செய்ய எதுவும் இல்லை. நான்கைந்து பேர் சேர்ந்து, எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டரில் பார்த்து எழுதி, உதவி மின்பொறியாளரிடம் மனுவாகக் கொடுங்கள். எண்ணோடு கொடுத்த மனுவை ஒதுக்குவது கடினம்.

தருமபுரி: பட்டுப்புழு வளர்ப்பு மனையில் சுவிட்ச் மாற்றி மாற்றிச் சலித்துவிட்டது.

கழற்றிய சுவிட்சின் திருகில் பச்சை பூத்திருக்கும், சரிதானே? கிருமி நீக்கத்துக்கு நீங்கள் தெளிக்கும் பிளீச்சிங் பவுடரின் வேலை அது. குளோரின் செம்பையும் பித்தளையையும் அரிக்கும், ஈரம் அதற்குத் துணை. போர்டை மனைக்கு வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். உள்ளே தண்ணீர் புகாத, மூடிய விளக்குகளையே போடுங்கள். தெளிக்கும் நாளில் மெயின் அணைந்திருக்கட்டும்.

பர்கூர்: கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. செல்போனில் படம் எடுத்தால் விளக்கில் கோடு கோடாக ஓடுகிறது.

மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. மலிவான எல்.இ.டி. பல்பு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கேமரா பிடிப்பது அதைத்தான். வயரிங்கில் குறை இல்லை. பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு மட்டும் கோடு விழாத பல்பாக, கடையிலேயே போனில் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.