ஒரு பிள்ளையை மட்டும் படிக்க வைத்தால் போதுமா?

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள், படிப்பு சுமார்தான். ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் கெட்டிக்காரன். இருவரையும் மேலே படிக்க வைக்க எங்கள் வருமானம் போதாது. மகளை வேலைக்கு அனுப்பி, அவள் கூலியோடு கொஞ்சம் கடனும் வாங்கி மகனைத் தனியார் பள்ளியில் சேர்த்தால், அவன் பட்டம் வாங்கிக் குடும்பத்தைத் தூக்கிவிடுவான் என்கிறார் என் கணவர். இந்தக் கணக்கு சரியா?

பதில்: உங்கள் கணவரின் அக்கறையில் குறையில்லை, சகோதரி, கணக்கில்தான் குறை இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை, வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயதை 15 என்றும், வளரும் நாடுகள் தொடக்கத்தில் அதை 14 ஆக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கூலியை வரவுப் பக்கத்தில் எழுதவே கூடாது.

பட்டம் வாங்கினால்தான் பலன், நடுவில் நின்றால் போட்ட பணமெல்லாம் வீண் என்ற எண்ணமே இந்தத் திட்டத்தின் அடித்தளம். அப்படி நினைக்கும் பெற்றோர்தான், லாட்டரிச் சீட்டு வாங்குவதுபோல், கையில் இருப்பதையெல்லாம் ஒரே பிள்ளையின்மேல் போடுகிறார்கள். ஆனால் பல நாடுகளின் சம்பள விவரங்களைத் தொகுத்த ஆய்வுகள், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் பின்னாள் சம்பாத்தியத்தைச் சராசரியாக 9 சதவீதம் அளவுக்கு உயர்த்துகிறது என்றும், பெண்களுக்கு இந்தப் பலன் ஆண்களைவிடச் சற்று அதிகம் என்றும் காட்டுகின்றன. கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசில் 2001இல் எட்டாம் வகுப்பு ஆண் பிள்ளைகளிடம் கேட்டபோது, உயர்நிலைப் படிப்பை முடித்தால் கிடைக்கும் கூடுதல் சம்பளத்தை அவர்கள் மிகக் குறைவாகவே மதிப்பிட்டார்கள்; உண்மை நிலவரம் சொல்லப்பட்ட மாணவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் காலம் பள்ளியில் நீடித்தார்கள். உங்கள் மகள் நிற்பதும் அதே வகுப்பில்தான்.

அவளைச் சுமார் என்று முடிவு கட்டுமுன் ஒன்றைக் கவனியுங்கள். மாலையில் மகன் புத்தகத்தை விரிக்கும் நேரத்தில், மகள் தண்ணீர் பிடிக்கவும் பாத்திரம் கழுவவும் போகிறாளா? அப்படியென்றால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு மூளைகளை அல்ல, இரண்டு கால அட்டவணைகளை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தர மெக்சிகோ 1997இல் தொடங்கிய ப்ரோகிரேசா திட்டத்தில், பெண் பிள்ளைகள் படிப்பை விடுவது இடைநிலை வகுப்புகளில்தான் அதிகம் என்பதால், அந்த வகுப்புகளில் அவர்களுக்கான உதவித்தொகை ஆண் பிள்ளைகளைவிட அதிகமாகவே வைக்கப்பட்டது.

ஆகவே கடன் வேண்டாம். வட்டி மாதாமாதம் வந்து நிற்கும். மகனின் சம்பளம் வர இன்னும் ஏறக்குறைய பத்தாண்டு ஆகும், அதற்கும் உத்தரவாதமில்லை. கட்டணம் வாங்குவதாலேயே ஒரு பள்ளி நன்றாகக் கற்பித்துவிடாது; அங்கே படிக்கும் பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மகனும் இப்போதைய பள்ளியிலேயே தொடர்ந்தால், தனியார் பள்ளிக்கென்று ஒதுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை இருவரின் படிப்புச் செலவுக்கு வைத்துக்கொண்டு, மீதியைத் தனிச் சேமிப்பில் போடுங்கள். வீட்டில் ஒருவர் நோயில் படுத்தாலோ வேலை போனாலோ முதலில் நிற்பது பிள்ளையின் படிப்புதான் என்பதால், அந்தச் சேமிப்பை வேறு எதற்கும் தொடாதீர்கள். மகளின் தலைமையாசிரியரைச் சந்தித்து, ஒன்பதாம் வகுப்புக்கு என்னென்ன உதவித்தொகை உண்டு, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.