அயர்லாந்து 26 சதவீதம் வளர்ந்த கதை

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் முதலாண்டு படிக்கிறேன். 2015-ல் அயர்லாந்தின் ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) 26 சதவீதம் வளர்ந்ததாக ஓர் அட்டவணையில் பார்த்தேன். அச்சுப்பிழையா? நிஜமென்றால் நாமும் அதே வழியில் போகலாமே?
– வாசகி, விருதுநகர்

பதில்: அச்சுப்பிழை இல்லை. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 2016 மார்ச்சில் 7.8 என்றது, ஜூலையில் அதே வருஷத்துக்கு 26.3 என்றது. இடைப்பட்ட நாலு மாசத்தில் யாரும் புதையல் எடுக்கவில்லை.

பன்னாட்டு கம்பெனிகள் சில, தங்கள் காப்புரிமை, மென்பொருள் உரிமை போன்றவற்றை அயர்லாந்தில் பதிவான துணை நிறுவனங்களின் பெயருக்கு மாற்றிவிட்டன. அப்போது அங்கே கம்பெனி வரி 12.5 சதவீதம்தான். உரிமை போனதும் அதில் வரும் வருமானமும் அயர்லாந்துக் கணக்கில் ஏறிவிட்டது. இன்னொரு கூத்தும் உண்டு. சீனாவில் ஒரு தொழிற்சாலை ஒப்பந்தத்துக்குப் பொருள் செய்து அங்கிருந்தே ஜெர்மனிக்குக் கப்பலேற்றினாலும், செய்யச் சொன்னது அயர்லாந்துக் கம்பெனி என்றால் அது அயர்லாந்தின் ஏற்றுமதி. சரக்கு டப்ளின் துறைமுகத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. இதெல்லாம் திருட்டுக் கணக்கு இல்லை, சர்வதேச விதிப்படி போட்டதுதான். ஆனாலும் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் பால் க்ருக்மன் 'லெப்ரகான் பொருளாதாரம்' என்று கிண்டலடித்தார் (லெப்ரகான் என்பது அந்த ஊர்க் கதைகளில் தங்கத்தை ஒளித்துவைக்கும் குட்டிச்சாத்தான்). அயர்லாந்துக்காரர்களுக்கே சங்கடமாகிப்போய், இந்த மாயத்தையெல்லாம் கழித்துவிட்டு 'திருத்திய மொத்த தேசிய வருமானம்' என்று தனியாக ஒரு கணக்கை 2017-லிருந்து வெளியிடுகிறார்கள். 2023-ல் இதே வேடிக்கை தலைகீழாக நடந்தது: ஜிடிபி சுருங்கியது, வேலையில் இருப்பவர்கள் எண்ணிக்கை கூடியது!

அதனால் வளர்ச்சி விகிதத்தைப் பார்த்ததும் பக்கத்திலேயே வேலைவாய்ப்பு, கூலி, வீட்டுச் செலவு மூன்றையும் தேடுங்கள். காப்பியடிக்கத்தான் வேண்டுமென்றால் அயர்லாந்து 1967-ல் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியதை அடிக்கலாம். வரிச்சலுகைப் போட்டியில் நமக்கு முன்னாலேயே பத்து நாடு வரிசையில் நிற்கிறது.

கேள்வி: எனக்குக் கணக்கு தகராறு. மேக்ரோ (நாடு முழுவதன் பொருளாதாரத்தைப் பார்க்கும் பாடம்) தேறுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: தேறும். ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடும் அந்நியச் செலாவணி வரவு செலவுப் பட்டியலை எடுத்து, சரக்கு வணிகத்தில் விழும் துண்டை சாஃப்ட்வேர் ஏற்றுமதியும் வெளிநாட்டிலிருந்து நம்மவர்கள் அனுப்பும் பணமும் எவ்வளவு அடைக்கின்றன என்று ஒருமுறை கையாலேயே போட்டுப் பாருங்கள், வெறும் கூட்டல் கழித்தல்தான். கால்குலஸ் அப்புறம். ஆனால் ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள், எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத்தைப் புள்ளியியலால் அளக்கும் பாடம்) பேப்பர் சும்மா விடாது.