கேட்டதும் கிடைத்ததும்: சொல்லுக்கு அடியில் இரட்டைக்கோடு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றியும், அங்கே ஏலத்துக்கு வரும் மீன்களைப் பற்றியும், எங்கள் வீட்டுச் சமையலைப் பற்றியும் ஆறு ஆண்டுகளாகத் தமிழில் வலைப்பூ எழுதி வருகிறேன். வருமானம் ஒன்றும் இல்லை. தளத்துக்கான ஆண்டுக் கட்டணம் கைக்காசுதான். அண்மையில் ஒரு விளம்பர நிறுவனம், என் கட்டுரைகளில் உள்ள சில சொற்களையே விளம்பர இணைப்புகளாக மாற்றிக்கொள்ளலாம் என்றும், அதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டியதில்லை என்றும் எழுதியிருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா, ஐயா?
— ஒரு வாசகர், புது வண்ணாரப்பேட்டை

தனி இடம் வேண்டாம் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். அவர்கள் கேட்பது உங்கள் வாக்கியத்தை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இது புதிய ஏற்பாடு அன்று. வைப்ரன்ட் மீடியா, கோன்டெரா, இன்ஃபோலிங்க்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆங்கிலத் தளங்களில் இதைப் பரப்பி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்தின் நிரலில் ஒரு சிறு துண்டைச் சேர்த்துவிட்டால், யாராவது அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது அது கட்டுரையைத் துழாவி, விளம்பரதாரர் காசு கட்டியிருக்கும் சொல் அகப்பட்ட இடத்தில் பெரும்பாலும் இரட்டை அடிக்கோடு இட்டுவிடும். கணினியில் சுட்டியின் அம்பு அச்சொல்லின் மேல் பட்டாலே ஒரு சிறு பெட்டி விரிந்து விளம்பரம் காட்டும். 2004-ல் ஃபோர்ப்ஸ் இதழின் இணையதளம் இதைச் செய்து பார்த்து, செய்தியாளர்கள் எதிர்த்ததால் அதே ஆண்டில் கைவிட்டது. ஆனாலும் முறை ஒழிந்துவிடவில்லை. தளங்களுக்கு விளம்பரம் கொடுத்து வருவாயில் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2024-ல் கொண்டுவந்த ஒரு வகையும், ஏற்கெனவே எழுதப்பட்ட சொற்களை இணைப்பாக்கி, தொட்டவருக்கு விளம்பரங்களோடு கூடிய தேடல் முடிவுகளைக் காட்டுவதுதான்.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்தின் ஓரத்தில் உள்ள விளம்பரப் பெட்டிகளைத் தாண்டிச் செல்ல வாசகரின் கண் பழகிவிட்டது. கட்டுரையின் உள்ளே இருப்பதை அப்படித் தாண்ட முடியாது. பக்க அமைப்பை மாற்ற வேண்டியதில்லை, என்றோ எழுதிய பழைய கட்டுரையும் சம்பாதிக்கும். கைப்பேசிகளையும் மடிக்கணினிகளையும் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது ஓரளவு பொருந்தும். அவரிடம் வருபவர் பொருள் வாங்கும் எண்ணத்தோடு தேடுபொறி வழியாக வந்து, ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் போய்விடுபவர். மறுநாளும் வரவேண்டும் என்ற கட்டாயம் இருவருக்கும் இல்லை.

உங்களுடைய நிலை வேறு. முதல் சிக்கல் தமிழ். சொல்லை வெறும் எழுத்துக்கோவையாகப் பார்த்துப் பொருத்தும் நிரலுக்கு, நீங்கள் 'வலை' என்று எழுதினால் அது கடலில் விரிப்பதா, கணினியில் விரிவதா என்று தெரியாது. கிழிந்த வலையைக் கரையில் உட்கார்ந்து பின்னுகிறவர்களைப் பற்றிய வரியில் வலைத்தளம் அமைத்துத் தருபவரின் விளம்பரம் தொங்கும். 'மாலை' நேரத்து ஏலத்தில் பூக்கடை திறக்கும். காலைக்கடன் என்ற சொல்லைப் பிரித்துப் போட்டு எழுதியவரின் கதி என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். வேற்றுமை உருபும் சந்தியும் சேர்ந்து சொல்லின் வடிவம் மாறும் மொழியில், பொருந்த வேண்டிய இடம் தவறிப்போவதும் பொருந்தக் கூடாத இடம் சிக்கிக்கொள்வதும் எளிது. ஆங்கிலத்திலும் இந்தக் கூத்து உண்டு: 1856-ல் திறக்கப்பட்ட நம் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு ஒன்றில், 'பிளாட்ஃபாரம்' என்ற சொல்லின் அடியில் பங்கு வர்த்தகத்துக்கான மென்பொருள் விளம்பரம் வந்து நின்றது. அன்றைக்குச் சிரித்துவிட்டு, மறுநாள் அந்த நிரல்துண்டை எடுத்துவிட்டேன்.

தவறாகப் பொருந்தினால் சிரிப்போடு போய்விடும். சரியாகப் பொருந்துவதைத்தான் நான் அஞ்சுகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது, தொழிலுக்குப் போக வழியில்லாத குடும்பங்கள் என்ன வட்டிக்குக் கடன் வாங்குகின்றன என்று நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அந்த வரியில் 'கடன்' என்ற சொல்லுக்கு அடியில், ஐந்தே நிமிடத்தில் பணம் தருவதாகச் சொல்லும் செயலியின் விளம்பரம் விரியும். நிரலைப் பொறுத்தவரை அது மிகச் சரியான பொருத்தம். விளம்பரதாரருக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் வட்டியின் கொடுமையைச் சொல்ல நீங்கள் எழுதிய சொல்லே, வட்டிக்காரரின் வாசலுக்குக் கைகாட்டி மரமாகிவிடுகிறது. உங்கள் தெருவில் உங்களை அறிந்து, உங்கள் எழுத்தை நம்பிப் படிப்பவர், அந்த இணைப்பை நீங்கள் போட்டதாகவே எண்ணுவார். ஓரத்துப் பெட்டியில் அதே விளம்பரம் வந்திருந்தால் அவர் அப்படி எண்ணியிருக்க மாட்டார்.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். தொடுதிரையில் அம்பு இல்லை. பக்கத்தை நகர்த்தும்போது விரல் தவறிப் பட்டாலும் விளம்பரம் திறந்துவிடும். அப்படித் திறந்ததை வாசகர் விரும்பித் தொட்டதாகக் கணக்கில் எழுதிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி வரவுக் கணக்கு. நான் சொல்வது வெறும் வைத்துக்கொள்வோம் கணக்கு; உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். மாதம் 6,000 முறை உங்கள் பக்கங்கள் திறக்கப்படுகின்றன, ஆயிரத்துக்கு 5 பேர் தொடுகிறார்கள், ஒரு தொடுதலுக்கு உங்கள் பங்கு 2 ரூபாய் என்றால், மாதம் 60 ரூபாய். பெரும்பாலான நிறுவனங்கள் குறிப்பிட்ட தொகை சேர்ந்த பிறகே பணம் அனுப்பும். ஆட்சென்ஸில் அந்த வரம்பு 100 டாலர், அதாவது எட்டாயிரம் ரூபாய்க்கும் மேல். இந்த வேகத்தில் முதல் காசு கைக்கு வரப் பத்து ஆண்டுகள் தாண்டிவிடும். ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

விளம்பரமே கூடாது என்கிறீர்களா? இந்தப் பத்திரிகையிலும்தான் விளம்பரம் வருகிறது.
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

வருகிறது, அதில்தான் எனக்குச் சம்பளமும் வருகிறது. எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் கட்டம் கட்டி அரைப்பக்கத்தில் வந்தால், அது கடைக்காரர் பேசுவது என்று எல்லோருக்கும் தெரியும். என் பதிலுக்கு நடுவில் 'சேலை' என்ற சொல்லை மட்டும் அவருக்கு விற்றால், அங்கே பேசுவது யார்? முந்தைய கேள்வி கேட்ட அன்பருக்கும் நான் பரிந்துரைப்பது ஓரத்துப் பெட்டியைத்தான். ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியிலிருந்து தமிழ்த் தளங்களை ஏற்கிறது. அதைவிடவும், ஐஸ் பெட்டி விற்பவர், வலைக்கயிறு விற்பவர் என்று அக்கம்பக்கத்தில் உள்ள ஒருவரிடம் ஆண்டுக்கு ஒரு தொகை பேசிக்கொண்டு, 'விளம்பரம்' என்று மேலே எழுதி ஒரு பெட்டி போடுவது அந்த அன்பருக்குக் கூடுதல் வரவைத் தரும் என்று நினைக்கிறேன். தளத்தின் ஆண்டுக் கட்டணம் அதிலேயே தேறிவிடலாம்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கான பொது அறிவுக் குறிப்புகளை இணையத்தில் எழுதுகிறேன். ஒரு பயிற்சி நிலையம், என் பழைய கட்டுரைகள் பன்னிரண்டில் சில சொற்களுக்குத் தன் இணைப்பைக் கொடுத்தால் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்கிறது. அது விளம்பரம் என்று மட்டும் குறிப்பிடக் கூடாதாம். இது நிரல் போடும் கோடு அல்லவே, நானே தேர்ந்தெடுக்கும் சொல்தானே?
— பெயர் வேண்டாம், வியாசர்பாடி

நிரல் போட்ட இணைப்புக்காவது இரட்டைக்கோடு என்ற அடையாளம் இருந்தது. உங்களுடையதில் அதுவும் இராது. ஆகவே அதைவிட ஒரு படி கீழானது. படிக்க வருபவர்கள் வேலை தேடும் பிள்ளைகள். அந்தப் பயிற்சி நிலையம் நல்லது என்று நீங்கள் அறிந்து சொல்வதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், வீட்டில் கேட்டுப் பணமும் கட்டுவார்கள்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. மத்திய அரசு 2022 ஜூனில் வெளியிட்ட, தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான நெறிமுறைகள், பரிந்துரைப்பவருக்கும் பொருளை விற்பவருக்கும் இடையே உள்ள கொடுக்கல் வாங்கலை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. தேடுபொறியின் பக்கமும் சிக்கல் இருக்கிறது: காசு வாங்கிக்கொண்டு கொடுத்த இணைப்பை நிரலில் 'ஸ்பான்சர்ட்' என்று குறிக்க 2019-ல் கூகுள் தனி அடையாளமே கொண்டுவந்தது. குறிக்காமல் விற்ற இணைப்பு அதன் விதிகளுக்கு மாறானது. கண்டுபிடிக்கப்பட்டால் தேடல் முடிவுகளில் உங்கள் குறிப்புகளே பின்னுக்குப் போகலாம்.

பணம் வேண்டுமென்றால், கட்டுரையின் தலைப்பிலேயே 'இந்தப் பக்கத்தில் பணம் பெற்று இடப்பட்ட இணைப்பு உள்ளது' என்று எழுதுவேன், சம்மதமா என்று கேளுங்கள். அவர்கள் மறுத்தால், அவர்கள் வாங்க வந்தது இணைப்பை மட்டுமன்று என்று தெரிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே இந்த நிரலைச் சேர்த்துவிட்டேன். ஓராண்டு ஒப்பந்தம். இப்போது என்ன செய்வது?
— ஒரு வாசகர், பெரம்பூர்

ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை நாள் முன்னறிவிப்பில் விலகலாம் என்பதை முதலில் பாருங்கள். அதுவரை, ஒரு பக்கத்தில் எத்தனை இணைப்புகள் வரலாம் என்ற எண்ணிக்கையை அமைப்புகளில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ குறைத்துவிடலாம். கட்டுரையின் குறிப்பிட்ட பகுதியைத் துழாவாமல் விடச் செய்யும் அடையாளக்குறிகளை இத்தகைய நிறுவனங்கள் தருவது வழக்கம். நோய், கடன், இரங்கல் பற்றி எழுதிய பகுதிகளை அவற்றால் அடைத்துவிடுங்கள். உடனடிக் கடன், சூதாட்டம், எடைக்குறைப்பு மருந்து ஆகிய வகைகளைத் தடுக்கக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு உங்கள் பழைய கட்டுரை ஒன்றை உங்கள் கைப்பேசியில் திறந்து, பாட்டியிடமோ தம்பியிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர்கள் விரல் எங்கெங்கே தடுக்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.