அந்த ஹைப்போ சுரங்கத்தை என்ன செய்வது?

கேள்வி: கொரோனா வந்தபோது நாட்டிலேயே முதல் ஆளாக, நடந்து போகிறவர்கள் மேல் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசல்) தெளிக்கிற கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்தது எங்கள் திருப்பூர். தென்னம்பாளையம் சந்தையில் வைத்ததைப் பார்த்துத்தான் மற்ற ஊர்க்காரர்களும் வைத்தார்கள். போன இதழில் நீங்கள் அதைக் கேலிக்கூத்து என்று எழுதிவிட்டீர்கள். அந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும்? சும்மா இருந்ததற்கு அது தேவலைதானே? எங்கள் சங்கக் கட்டடத்தில் அப்போது வாங்கிய சுரங்கம் ஒன்று பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. அடுத்த நோய்க்கு ஆகும் என்று வைத்திருக்கிறோம். வைத்திருக்கலாமா?
– வணிகர் சங்க நிர்வாகி ஒருவர், திருப்பூர்

பதில்: சுரங்கமாக வேண்டாம். பைப்பும் டேங்க்கும் மோட்டாருமாக வேண்டுமானால் ஆகும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், 'யாருக்கு என்ன தெரியும்' என்ற சமாதானம். தென்னம்பாளையத்தில் சுரங்கம் வைத்தது 2020 ஏப்ரல் 1. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் பதறிக்கிடந்த நேரம். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே ஏப்ரலில் தமிழகப் பொது சுகாதாரத் துறை இது வேண்டாம் என்றது. ஏப்ரல் 18-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், எந்தச் சூழ்நிலையிலும் ஆட்கள் மேல் மருந்து தெளிக்கக் கூடாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டது. ஆக, தெரியாமல் செய்தோம் என்று சொல்ல உங்களுக்கு 17 நாள் அவகாசம் உண்டு. அதற்கு அப்புறம் நின்ற ஒவ்வொரு சுரங்கமும் தெரிந்தே நின்றது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பரிந்துரைக்கவில்லை என்று சொல்கிறீர்களே, பின் ஏன் தடை செய்யவில்லை என்று நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. நவம்பர் 5-ஆம் தேதி, ஒரு மாதத்துக்குள் இதற்கு உத்தரவு போடுங்கள் என்று தீர்ப்பும் சொன்னது. ஏழு மாதம்! ஒரு குழாயைக் கழற்ற.

வேறு ஊர்க்காரர்கள் இதில் ஏமாந்தால்கூட மன்னித்துவிடலாம். திருப்பூர்க்காரர்கள் ஏமாறலாமா? ஹைப்போ உங்கள் ஊர்ச் சரக்கு. பெராக்சைடு வருவதற்கு முன்னால் பனியன் துணியை வெளுக்க வைத்ததே அதுதான். பழைய பிளீச்சிங் பட்டறை ஆட்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். துணியைத் தொட்டியில் முழுக்க நனைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் ஊறப் போட்டு, காரத்தன்மை இறங்காமல் பார்த்துக்கொண்டு, நேரம் தாண்டினால் துணி இற்றுப்போகும் என்று பயந்து எடுத்து, அலசி, மிச்சக் குளோரினை முறிக்கத் தனியாக ஒரு மருந்து போட்டு, மறுபடியும் அலசுவார்கள். அளவு, நேரம், முழுக்க நனைதல் இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் துணி திட்டுத்திட்டாக வெளுக்கும் என்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும்.

கிருமிக்கும் கணக்கு இதேதான். ஆட்கள் தொடும் தரை, மேசைகளுக்கு அப்போது நம் நாட்டில் சொன்னது 1 சதவீத ஹைப்போ, 10 நிமிடம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். சுரங்கத்தில் ஆள் நடந்து போனது 3 முதல் 5 விநாடி. பனிப்புகை சட்டையின் முன்பக்கத்தில் லேசாகப் படியும். அக்குள், மடிப்பு, பாக்கெட், கையில் பிடித்த பையின் அடிப்பக்கம் எதுவும் நனையாது. இதெல்லாம் போகட்டும். நோய் இருந்தது சட்டையில் இல்லை, மூக்கிலும் தொண்டையிலும். அங்கே ஹைப்போ போகக் கூடாது, போனால் ஆபத்து.

இன்னொன்றும் யோசித்திருக்க வேண்டும். சாயம் போட்ட பனியன் மேல் சரியான அளவு ஹைப்போ பட்டால் என்ன ஆகும்? கறுப்பு பனியன் செம்பழுப்புத் திட்டோடு வெளியே வரும். சந்தைக்குப் போனவர்கள் போட்டுப்போன கலரோடேயே திரும்பி வந்தார்கள் என்றால், மேலே பட்ட மருந்து எவ்வளவு இருந்திருக்கும்? கலர் போகிற அளவுக்கு இருந்திருந்தால் கண்ணும் நுரையீரலும் என்ன ஆகியிருக்கும்? வேலை செய்கிற அளவில் அடித்தால் ஆளுக்கு ஆகாது. ஆளுக்கு ஆகிற அளவில் அடித்தால் வேலை செய்யாது. நடுவில் ஒரு அளவு கிடையாது.

ஆளுக்கு ஆகாது என்று சும்மா சொல்லவில்லை. குளோரின் கண்ணை எரிக்கும், தோலை அரிக்கும், மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஓப்பன் எண்ட் நூல் மில்லிலும் கழிவுப்பஞ்சு குடோனிலும் வருடக்கணக்கில் பஞ்சுத் தூசி இழுத்தவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! காலையில் தக்காளி வாங்கப் போனவருக்கு அந்தப் புகை எதற்கு? மூக்கை மூடியிருந்த மாஸ்க்கையும் அது நனைத்தது. நனைந்த மாஸ்க்கில் மூச்சு இழுக்க முடியாது, காற்று ஓரம் வழியாக ஒழுகும். உள்ளே போனதும் பாதிப் பேர் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டார்கள். சுரங்க வாசலில் வரிசை வேறு. ஒற்றை வாசலில் முதுகோடு முதுகாக நின்று, ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் வாங்கி, பிறகு 'சுத்தமாகி' உள்ளே போவது!

இனி 'சும்மா இருந்ததற்குத் தேவலை'. யார் சும்மா இருந்தது? அதே நாட்களில்தான் உழவர் சந்தைகளைப் பஸ் ஸ்டாண்டுக்கும் பள்ளி மைதானத்துக்கும் மாற்றினார்கள். கொங்குநாட்டில் அந்த நேரத்தில் நடந்த உருப்படியான வேலைகளில் அது ஒன்று. திறந்தவெளி, காற்றோட்டம், கடைக்குக் கடை இடைவெளி. போட்டோவில் எடுப்பாகத் தெரியாது என்பதால் அதற்கு விளம்பரம் கிடைக்கவில்லை. இடம் மாற்றத் தாமதித்தால் என்ன ஆகும் என்பதைக் கோயம்பேடு காட்டியது. அங்கிருந்து லாரியோடும் லோடுமேனோடும் நோய் பல மாவட்டங்களுக்குப் போன பிறகுதான், 2020 மே 5-ஆம் தேதி அந்தச் சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள்.

அடுத்த முறை உங்கள் சங்கம் செய்யக்கூடியது இதுதான். மொத்த வியாபாரமும் சில்லறையும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. லோடு இறக்குவது இரவோடு முடியட்டும், வீட்டுக்குக் காய் வாங்குகிறவர்களை விடிந்த பிறகு விடுங்கள். கடைகளை எதிரெதிராகப் போடாமல் ஒரே பக்கம் பார்த்துப் போடுங்கள், கடைக்குக் கடை 10 அடி விடுங்கள், உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் வேறாக இருக்கட்டும். சுண்ணாம்புக் கோடு போதும்.

சந்தையைவிட எனக்குக் கவலை பனியன் கம்பெனிகள்தான். தையல் மெஷின்கள் வரிசையாக ஓடுகிற பவர்டேபிள் செக்‌ஷனில் ஆட்கள் பக்கத்துப் பக்கத்தில் 8 மணி நேரம், 12 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். சத்தத்தை மீறிக் கத்திப் பேச வேண்டும், அப்போதுதான் எச்சில் துகள் அதிகம் வரும். வாசலில் சானிடைசர் ஸ்டாண்டும் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியும் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தி வைத்தால் ஒரு பலனும் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரு சுவரில் என்றால், காற்று வருகிற ஜன்னல் எதிர்ச் சுவரில் திறந்திருக்க வேண்டும். ஃபேனுக்கு ஒட்டினாற்போல் இருக்கிற ஜன்னலை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஜன்னல் வழியாக வருகிற காற்றையே ஃபேன் இழுத்து வெளியே தள்ளும், ஹாலின் நடுவில் உள்ள காற்று அசையாது. பல கம்பெனிகளில் இந்தத் தப்பு இன்னும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஹால் நடுவில் பிடித்துப் பாருங்கள், புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். நெருப்பு என்பதால் துணிக்குவியல் பக்கம் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆட்கள் நிறைந்த ஹாலில் 800 பிபிஎம்-க்குக் கீழே காட்டினால் காற்று போதும், 1,500 காட்டினால் நீங்கள் பிறர் மூச்சைத்தான் சுவாசிக்கிறீர்கள்.

திருப்பூர்ப் பெருமை பேசுகிறவர்களுக்கு இன்னொரு கசப்பு: பனியன் துணி மாஸ்க். ஏற்றுமதி ஆர்டர் நின்று போனபோது அது பல கம்பெனிகளுக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஒற்றை மடிப்பு சிங்கிள் ஜெர்ஸி (சாதாரண பனியன் பின்னல் துணி) முகத்தில் இழுபட்டதும் கண்ணி விரியும். விளக்குக்கு நேரே இழுத்துப் பிடித்தால் வெளிச்சம் பொத்தல் பொத்தலாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் சொன்னது மூன்று அடுக்கு: உள்ளே பருத்தி, நடுவில் நெய்யாத பாலிபுரொப்பிலீன், வெளியே ஈரம் இழுக்காத பாலியஸ்டர். மூக்குக் கம்பி இல்லாவிட்டால் மூன்று அடுக்கும் வீண், கண்ணாடி போட்டவர்களுக்கு மூச்சுப் படிந்து மங்குவதிலேயே அது தெரிந்துவிடும். என் 95-ஐ சானிடைசரிலோ ஹைப்போவிலோ நனைக்காதீர்கள். துகளை இழுத்துப் பிடிக்கிற மின்னூட்டம் அதன் நடு அடுக்கில் இருக்கிறது, அது போய்விடும். பார்க்கப் புதிது போலவே இருக்கும்.

ஹைப்போவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கக்கூஸுக்கும் வாந்தி, சளி விழுந்த தரைக்கும் அதைவிட மலிவான மருந்து கிடையாது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்தாலும் கிடைப்பது இதே வகை மருந்துதான். புது பவுடரில் குளோரின் ஏறக்குறைய 30 சதவீதம். 1 லிட்டர் தண்ணீருக்கு 33 கிராம் போட்டால் 1 சதவீதம், அசுத்தம் விழுந்த இடத்துக்கு இது. அதே 33 கிராமை 10 லிட்டர் பக்கெட்டில் போட்டால் கடை மேசை, கைப்பிடி துடைக்கிற அளவு. கலக்கிக் கால் மணி நேரம் வைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் எடுங்கள். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுக்காமல் ஊற்றினால், குளோரின் முழுக்க அழுக்கோடு சண்டை போட்டுத் தீர்ந்துவிடும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். உடைத்து வைத்துக் கட்டிதட்டிய பவுடரிலும், சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கிடந்த ஹைப்போ கேனிலும் மருந்து பேருக்குத்தான் இருக்கும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டோடு மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். இரும்புச் சாமானில் ஊற்றினால் துரு ஏறும், அதற்கு ஸ்பிரிட் துணி போதும்.

2021 மே கடைசியில் கோவை மாவட்டத்தின் தினசரி எண்ணிக்கை சென்னையைத் தாண்டியதே, ஞாபகம் இருக்கிறதா? ஈரோட்டிலும் திருப்பூரிலும் எண்ணிக்கை அதிகம்தான். அன்றைக்கு ஆக்ஸிஜன் படுக்கைக்கு அலைந்தோம். ஹைப்போவுக்கு யாரும் அலையவில்லை. உங்கள் சங்கத்திடம் காசு இருந்தால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் உற்பத்தி யூனிட் ஓடுகிறதா, பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். அந்த அலைக்குப் பிறகு பல இடங்களில் வைத்தார்கள். வைத்ததை ஓட்ட ஆள் வேண்டும்.

இப்போது உங்கள் சாமான். ஜிஐ பைப் சட்டத்தைச் சங்க வாசலில் நிறுத்தி மேலே தகரம் போட்டால் கை கழுவுகிற இடம் தயார். டேங்க்கையும் மோட்டாரையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஓட்டி அலசுங்கள். ஹைப்போ தங்கிய மோட்டாரில் சீல் போயிருக்கும், பித்தளைப் பாகம் பச்சை பிடித்திருக்கும், அதையெல்லாம் மாற்ற வேண்டும். எப்படி அலசினாலும் அந்த டேங்க்கில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். குழாயைக் கையால் திறக்க வைக்காமல் காலால் மிதிக்கிற மாதிரி வையுங்கள், குழாய்க்குக் குழாய் 4 அடி. ஆளுக்கு 1 லிட்டர் என்று போட்டாலும் 500 லிட்டர் டேங்க் 500 பேருக்கு வரும். சோப்பை வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள், கரையவும் கரையாது, காணாமலும் போகாது. கழிவுத் தண்ணீர் போக சாக்கடை இணைப்பு இல்லையென்றால் ஜல்லி போட்ட குழி ஒன்று வேண்டும். சேறானால் ஒரு வாரத்தில் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள், கொரோனாவின்போது வைத்த வாஷ்பேசின்கள் பாதி செத்தது இப்படித்தான். நாசில்கள் சுண்ணாம்பு அடைக்காமல் இருந்தால் நாற்றுப் பண்ணைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். பக்கவாட்டில் கட்டிய ஃபிளெக்ஸை லாரிக்காரர் யாராவது தார்ப்பாய்க்கு அடியில் விரிக்கக் கேட்பார், சும்மா கொடுத்துவிடுங்கள்.