நிலைக்கட்டையில் ஒரு ஜோடி மோதிரம்

மரவேலை குறித்த வாசகர் கேள்விகளுக்குக் காரைக்குடியில் கடைசல் பட்டறை நடத்தும் ஆசாரி பதில் சொல்கிறார். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மர மோதிரம் பற்றியவை.

கேள்வி: எங்கள் ஐயா காலத்து வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து இடித்துவிட்டோம். எங்கள் பங்குக்கு இரண்டாம் கட்டு வாசல்நிலை ஒன்று வந்தது. பர்மா தேக்கு. வரும் தை மாதம் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் சாந்தி கல்யாணம். அந்த மரத்திலேயே ஆளுக்கொரு மோதிரம் செய்து போட ஆசை. தேக்கில் மோதிரம் நிற்குமா? தேக்குக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: நிற்கும், ஆச்சி. ஆனால் கட்டையைத் துளைத்து வட்டமாக அறுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள். மரத்தின் நார் ஒரே திசையில்தான் ஓடும். அப்படி அறுத்தெடுத்த வளையத்தில் எதிரெதிரே இரண்டு இடங்களில் நார் குட்டையாக வெட்டுப்பட்டு நிற்கும். கை போய்க் கதவில் இடித்தால் அந்த இரண்டு இடங்களில்தான் தெறிக்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மர மோதிரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன.

நார் விரலைச் சுற்றி ஓட வேண்டும். அதற்கு மரத்தைச் சீவிச் சுற்ற வேண்டும். அரை மில்லிமீட்டர் கனத்தில், ஓர் அடி நீளத்தில், மோதிர அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஒரு பட்டை எடுத்துக் கொதிநீரில் ஊறவைத்தால் தேக்கு இளகிக் கொடுக்கும். விரல் அளவுக்குக் கடைந்த உருளையில் அதைச் சுற்றி, நூலால் கட்டி, ஓர் இரவு காயவிட வேண்டும். காய்ந்தபின் நூலை அவிழ்த்தாலும் பட்டை சுருளாகவே நிற்கும். இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கிவிட்டால் மேடு தட்டாது. உருளைமேல் மெழுகுக் காகிதம் போட்டு, உடனே ஒட்டும் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் திரும்பச் சுற்றினால் நான்கு சுற்று வரும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்கு முன் ஸ்பிரிட் தொட்ட துணியால் பட்டையைத் துடைக்காமல் விட்டால் நாள்பட நாள்பட சுற்று பிரிந்துவிடும். வேலை செய்பவரிடம் இதை மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலையில் எந்த இடத்து மரத்தை எடுப்பது என்பதைத்தான் நீங்கள் கேட்கவில்லை. கஜலட்சுமி செதுக்கிய மேற்சட்டம் இருந்தால் அதைத் தொட வேண்டாம். புது வீட்டில் எங்காவது மாட்டி வையுங்கள். பழம்பொருள் கடைக்காரர் கண்ணில் பட்டால் ஆசைகாட்டி வாங்கிவிடுவார். பக்கச் சட்டத்தைப் பாருங்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் கைவைத்துப் பிடித்த இடம் ஒன்று தோள் உயரத்தில் இருக்கும். அங்கே விளிம்பு மழுங்கி, எண்ணெய் ஏறி, மரம் கறுத்திருக்கும். எத்தனை ஆயாக்கள் அதைப் பிடித்துக்கொண்டு படி தாண்டினார்களோ! அந்த மேல்தோலை வீணாக்காமல் முதல் பட்டையாகச் சீவச் சொல்லி, கறுத்த முகம் விரலைத் தொடும்படி உட்சுற்றாக வைக்கச் சொல்லுங்கள். உட்பக்கத்துக்குப் பசை தேவையில்லை என்பதால் அந்தக் கறுப்பு அப்படியே தங்கும். வெளிச்சுற்றுக்கு உள்மரம் போதும். புதிதாகச் சீவிய தேக்கு பொன்னிறமாக இருந்து, வெளிச்சம் படப்பட நிறம் ஆழமாகும். சீவுவதற்கு முன் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது நல்லது. தோரணம் கட்ட அடித்த ஆணிகள் பழைய நிலைகளில் ஏராளம்.

அர்த்தம் கேட்டீர்கள். தேக்குக்குச் சொல்ல என்னிடம் புராணக் கதை ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் தேக்கு என்றால் ரங்கூன், மோல்மேன். கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்யப் போன செட்டியார்கள் அங்கே சம்பாதித்ததை இங்கே வீடாகக் கட்டினார்கள். 1930களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. காட்டுவழியாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்கள் உண்டு. நிலமும் பத்திரமும் ஒன்றுமில்லாமல் போயின. அதற்கு முன்பே கப்பலேறி வந்து தூணாகவும் நிலையாகவும் நின்றுவிட்ட மரம் தப்பியது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். மோதிரம் மாற்றும்போது பெரியவர் யாரையாவது அதைச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குமேல் தேக்குக்கு எந்த அர்த்தத்தை நான் எழுதிக் கொடுத்தாலும் அது என் கைச்சரக்காகத்தான் இருக்கும்.

கேள்வி: என் நட்சத்திரம் அசுவினி. நட்சத்திர மரப் பட்டியலில் எட்டி என்று போட்டிருக்கிறது. எட்டி மர மோதிரம் அணிந்தால் கெட்டது விலகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்து தருவீர்களா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: மாட்டேன். எட்டியின் விதையிலும் பட்டையிலும் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அந்தத் தூள் என் பட்டறையில் பறக்க வேண்டாம், வேர்க்கும் உங்கள் விரலிலும் வேண்டாம். அதே பட்டியலில் உத்திரத்துக்கு அலரி, திருவோணத்துக்கு எருக்கு. எருக்கஞ்செடியில் மோதிரம் கடைய இதுவரை யாரும் வந்து நிற்கவில்லை! அந்தப் பட்டியல் நட்டு வளர்ப்பதற்கு உரியது; நட்சத்திர வனம் என்று கோவில்களில் வைக்கிறார்களே, அதற்கு. விரலில் மாட்டிக்கொள்ளச் சொல்லி அதில் இல்லை. பட்டியலுக்குப் பட்டியல் மரமும் மாறுகிறது. எட்டிதான் வேண்டும் என்றால் ஆடுமாடு மேயாத இடமாகப் பார்த்து ஒரு கன்று நடுங்கள். விரலுக்கு வேம்பு போதும். பட்டியலில் வேம்புக்கு உரிய உத்திரட்டாதிக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் ஐந்தாவது திருமண நாளுக்கு மருமகளுக்கு ஓக் மர மோதிரம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஓக் என்றால் உறுதி, பிர்ச் என்றால் புதிய தொடக்கம் என்று பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்ததாம். நம் மரங்களுக்கு இப்படி ஒன்றும் கிடையாதா?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஐந்தாம் ஆண்டுக்கு மரத்தில் பரிசு கொடுப்பது அந்த ஊர் வழக்கம். உங்கள் மகன் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஓக்கின் பெருமையும் பழையதே. கிரேக்கர்கள் அதை ஜீயஸுக்கும் ஆலிவை அதீனாவுக்கும் லாரலை அப்பல்லோவுக்கும் உரியவையாக வைத்திருந்தார்கள். பிறந்த தேதிக்கு ஒரு மரம் என்று சொல்லும் ‘கெல்டிக் மர நாட்காட்டி’யின் சீட்டு வந்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அயர்லாந்தின் பழைய ஓகம் எழுத்துகள் சிலவற்றுக்கு மரப்பெயர்கள் உண்டு. அந்த அடித்தளத்தின்மேல் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1948இல் கட்டிய மாடி அது.

நம்மிடம் சீட்டு இல்லையே தவிர, மரத்துக்குக் குறைவில்லை, ஆச்சி. சேரருக்குப் பனம்பூ, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு. மன்னர்களுக்குக் காவல் மரம் இருந்தது. பகைவன் வென்றால் அதைத்தான் வெட்டுவான். வெட்டிய கடம்பில் சேரன் முரசு செய்துகொண்டதைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. எனக்குப் பிடித்தது நற்றிணையில் வரும் புன்னை. விளையாட்டாகப் புதைத்த கொட்டை முளைத்து மரமாகிறது. ‘இது உன்னைவிடச் சிறந்த உன் தங்கை’ என்கிறாள் தாய். பிறகு காதலனோடு அந்த மரத்தடியில் சிரித்துப் பேச அந்தப் பெண்ணுக்கு வெட்கமாக இருக்கிறது, தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாளே! உறுதி, அன்பு என்று ஒற்றைச் சொல்லில் அந்தப் புன்னையை எப்படிச் சீட்டில் எழுதுவது?

பிள்ளையார்பட்டிக்குத் தல மரம் மருது. மதுரைக் கோவிலுக்குக் கடம்பு. கல்யாணத்தில் அரசாணிக்கால் நடுகிறோம். மோதிரமேகூட நமக்குப் புதிதில்லை. தர்ப்பையை முடிந்து பவித்திரம் என்று விரலில் போட்டுக்கொண்டு, காரியம் முடிந்ததும் கழற்றிப் பிரித்துப் போட்டுவிடுகிறோம்.

நம் மரத்தில் ஒரு பரிசு மோதிரம் வேண்டும் என்று கேட்டால் நான் வாகையைச் சொல்வேன். ஆட்டத்தில் ஜெயித்தவர் வாகை சூடினார் என்று செய்தித்தாள்கள் நித்தம் எழுதுகின்றன. மரத்தை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சாலையோரத்தில், காய்ந்த நெற்று காற்றில் கலகலக்க நிற்கும். அதன் வைரம் பாய்ந்த உள்மரம் நல்ல அடர்பழுப்பு. பொதுத்தேர்வில் தேறிய பேரன் பேத்திக்கு அதில் செய்து போடுங்கள்.

கேள்வி: கோவில் வாசலில் கருங்காலி மோதிரம் வாங்கினேன். அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அணிந்தால் செவ்வாய் தோஷம் போகுமா?
— வாசகர், குன்றக்குடி

பதில்: உட்புறத்தில் ஓரிடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். அசல் என்றால் உள்ளேயும் கறுப்பு, தூளும் கறுப்பு. சாயம் என்றால் அடியில் வெளிர் மரம் பல்லைக் காட்டும். நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் துடைத்தால் மை ஏறுவதும் சாயத்துக்கு அடையாளம். தண்ணீரில் மூழ்கினால் அசல் என்று விற்பவர்கள் சொல்வதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கருங்காலி மூழ்கும்தான், ஆனால் கனத்த மரம் வேறு எதுவானாலும் மூழ்கும். சினிமாக்காரர்கள் கழுத்தில் கருங்காலி மாலை ஏறிய பிறகு சாயத்துக்குத்தான் நல்ல கிராக்கி. இரண்டாவது கேள்வியை ஜோசியரிடம் கேளுங்கள். அவரே மோதிரமும் விற்பவராக இருந்தால் வேறொரு ஜோசியரிடம் கேளுங்கள்.

கேள்வி: செம்மரத்திலும் ஈட்டியிலும் மோதிரம் செய்து விற்க நினைக்கிறேன். மரம் எங்கே கிடைக்கும்?
— வாசகர், ஆத்தங்குடி

பதில்: பில் இல்லாமல் எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஈட்டியைக் காக்கவென்றே தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சந்தனத்துக்கும் வனத்துறைக் கெடுபிடி உண்டு. பழைய கட்டிலின் உடைந்த கால், கதவின் ஒடிந்த சட்டம் போதும். மோதிரம் எவ்வளவு மரத்தைத் தின்றுவிடும்? வீட்டில் சீராக வந்த மரப்பாச்சி ஜோடி செம்மரமாக இருக்கலாம். அதன்மேல் ரம்பத்தை வைக்காதீர்கள்.

கேள்வி: மகள் கொடுத்த மர மோதிரம் பாத்திரம் துலக்கித் துலக்கி வெளுத்து, ஓரத்தில் விரிசல் விட்டிருக்கிறது. சரிசெய்ய முடியுமா?
— வாசகி, கோட்டையூர்

பதில்: முடியும். முதலில் ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் விரிசல் நீளும். பிறகு விரிசலில் ஒரு சொட்டுப் பசை விட்டு, காய்ந்ததும் நயமான உப்புத்தாளால் தேய்த்து, தேன்மெழுகைத் துணியில் தொட்டுப் பூசுங்கள். பாத்திரம் துலக்கும்போதும் மாவு பிசையும்போதும் கழற்றிவிடுங்கள். கைகழுவும் ஸ்பிரிட் திரவமும் மோதிரத்தின் மேல்பூச்சுக்கு ஆகாது. விரிசல் முழுச் சுற்றுக்கும் ஓடியிருந்தால் பசை பிடிக்காது, புதிதாகத்தான் சுற்ற வேண்டும். அப்போது விரல் அளவை நூலில் எடுத்து அனுப்புங்கள். சாயங்காலமாக எடுங்கள், வேலை முடிந்த கையில் விரல் சற்றுப் பருத்திருக்கும், அந்த அளவே சரி.