மேல்வீட்டுச் சத்தமும் கீழ்வீட்டுத் தயக்கமும்

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் ஒரு மாடி வீட்டின் கீழ் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் திருப்பூரில் இருக்கிறார். ஜூன் மாதம் மேல் போர்ஷனுக்கு நான்கு இளைஞர்கள் குடிவந்தார்கள். சனி, ஞாயிறு ராத்திரி ஒரு மணி வரை பாட்டு, கூட்டாளிகள், குடி. காலையில் எங்கள் வாசலில் பாட்டில் கிடக்கிறது. பைக்குகளை கேட்டை மறித்து நிறுத்துகிறார்கள். கறி சமைக்கும் வாடை தாங்கவில்லை. பெண்கள் வந்துபோகிறார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகள் டியூஷன் முடிந்து வரும்போது படியில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். கேட்டால், "நீங்களும் வாடகைக்குத்தானே இருக்கீங்க, பிடிக்கலைன்னா காலி பண்ணுங்க" என்கிறார்கள். ஓனரோ, "நீங்களே பேசித் தீத்துக்கோங்க" என்கிறார். மேல்வீட்டுக் கரண்டை ஒரு நாள் நிறுத்தினால் அடங்கிவிடுவார்கள், அதையும் செய்ய மாட்டேன் என்கிறார். என் கணவர் என்றைக்காவது கைகலப்பில் இறங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. வாடகைக்கு இருக்கிற நாங்கள் போலீசுக்குப் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: போகலாம். புகார் கொடுக்க, வீடு யார் பெயரில் இருக்கிறது என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. வாடகை கொடுத்து இருக்கிறவருக்கும் ராத்திரி தூங்க உரிமை உண்டு. "நீங்களும் வாடகைக்குத்தானே" என்ற அந்தப் பேச்சு உங்களைவிட அவர்களுக்குத்தான் பொருந்தும், அவர்களும் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் பாட்டு, பாட்டில், பைக் எல்லாவற்றுக்கும் பிறகு, போகிற போக்கில் ஒரு வரியில் மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

படியில் உட்கார்ந்து "ஏதோ சொல்லி" சிரிக்கிறார்கள் என்றால், என்ன சொல்கிறார்கள்? மகளிடம் கேட்டீர்களா? அவர்களுக்குள் பேசிச் சிரிப்பது வேறு, அவளைப் பார்த்துச் சொல்வது வேறு. கேட்கும்போது பதற்றப்படாமல் கேளுங்கள். சொன்னால் டியூஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தே பல பெண் பிள்ளைகள் வீட்டில் வாய் திறப்பதில்லை. அதனால் "டியூஷன் நிற்காது, நீ போவது வருவது எதுவும் மாறாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவளுக்கு 18 வயது நிரம்பியிருக்காது என்று நினைக்கிறேன். பாலியல் நோக்கத்தோடு அவளிடம் ஒரு வார்த்தை சொன்னாலோ, சைகை காட்டினாலோ, பின்தொடர்ந்தாலோ அது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள் வருகிற குற்றம். அதற்கு ஓனரிடம் பஞ்சாயத்து வேண்டாம், மேல்வீட்டுக்காரர்களிடம் பேசிப் பார்ப்பதும் வேண்டாம். நேராக அனைத்து மகளிர் காவல் நிலையம். அவசரமென்றால் 112, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகள் உதவிக்கு 1098. அப்படியெல்லாம் எதுவும் இல்லை, வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது என்றால், பொதுப் படியை அடைத்து உட்காராதீர்கள் என்று மற்ற குறைகளோடு சேர்த்துச் சொன்னால் போதும்.

அடுத்து, பட்டியலில் இருந்து நீங்கள் எடுத்துவிட வேண்டிய இரண்டு விஷயங்கள். கறி வாடையும் பெண்கள் வந்துபோவதும். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் வீட்டில் அவர்கள் என்ன சமைக்கிறார்கள், யார் வருகிறார்கள் என்பது உங்களுக்கு ஆகாமல் இருக்கலாம், ஆனால் அது தொந்தரவுக் கணக்கில் வராது. நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், காரியத்துக்காகவும் சொல்கிறேன். இந்த இரண்டையும் புகாரில் சேர்த்தால், எழுத்தர் முதல் இன்ஸ்பெக்டர் வரை அத்தனை பேரும் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள், ராத்திரி ஒரு மணிப் பாட்டு காணாமல் போய்விடும். அவர்கள் பக்கமும், "பேச்சிலர்னா எல்லாருக்கும் இளக்காரம்" என்று பேச ஒரு வாய்ப்புக் கிடைக்கும். சரவணம்பட்டி மாதிரி ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற இடத்தில் பேச்சிலர் என்றதும் வீடு இல்லை என்று கதவைச் சாத்துகிறவர்கள் நிறைய. அந்தக் கணக்கில் உங்களையும் சேர்த்துவிட இடம் கொடுக்காதீர்கள்.

சரி, பாட்டு. ஒலி மாசு விதிகள் 2000-ம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. அதன்படி இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. சாதாரணமாக இரண்டு பேர் பேசிக்கொள்வதே 60 டெசிபலுக்குப் பக்கத்தில் வரும் என்றால், அந்த 45 எவ்வளவு குறைவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் டெசிபல் ஆப்பை யாரும் சாட்சியாக ஏற்க மாட்டார்கள், அதை நம்பி இறங்க வேண்டாம். மணியைக் குறித்து வைப்பதுதான் பயன்படும்.

உங்களைத் தூங்க விடாதது பாட்டின் சத்தத்தைவிட அந்த "டம் டம்" என்கிற அடியாகத்தான் இருக்கும். சப் ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டியைத் தரையில் வைத்தால் அதிர்வு கான்கிரீட் வழியாகவே இறங்கி உங்கள் கட்டில் கால் வரைக்கும் வரும். ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்தாலும் போகாது. மேலே இருப்பவர்களுக்கு இது தெரியாமலும் இருக்கலாம். பாட்டுக் கேட்கிறவர் காதுக்கு அந்த அறையில் இருப்பது அளவான சத்தம், கீழே இருக்கிற உங்களுக்குத்தான் சுவரே அதிர்கிறது. பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து, அடியில் கனமான ரப்பர் ஷீட்டோ ஃபோமோ போட்டு, சுவரை ஒட்டாமல் வைத்தால் பாதித் தொல்லை குறையும். பத்து மணிக்கு மேல் ஹெட்போன்.

இதைச் சொல்லத்தான் ஒரு முறை நேரில் பேச வேண்டும். எப்போது என்பது முக்கியம். ராத்திரி பதினொன்றரைக்கு, கூட்டாளிகள் நாலு பேர் நடுவில், குடித்திருக்கும்போது போய்க் கேட்டால் எந்தப் பையனும் விட்டுக்கொடுக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, நீங்களும் கணவரும் சேர்ந்து போங்கள். நால்வரில் யார் பெயரில் ஒப்பந்தம் இருக்கிறதோ அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "தம்பி, பத்து மணிக்கு மேல அந்தப் பெட்டி மட்டும் வேண்டாம், பாப்பாவுக்கு மார்ச்சில் பப்ளிக் எக்ஸாம்" என்று ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். பைக், பாட்டில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் அது சண்டையாகத்தான் முடியும். முன்பு கேட்டபோது எடுத்தெறிந்து பேசினார்களே என்று நினைப்பீர்கள். இந்தத் தடவையும் பேசட்டும். தேதியைக் குறித்துக்கொண்டு கீழே வந்துவிடுங்கள்.

இனி ஓனர். நீங்கள் போலீசைப் பற்றி யோசிக்கிறீர்கள், நானோ அவரைத்தான் முக்கியமான ஆள் என்பேன். மேல்வீட்டோடு உங்களுக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. இரண்டு வீட்டோடும் ஒப்பந்தம் போட்டிருப்பவர் அவர் ஒருவர்தான். தமிழ்நாட்டில் 2017-ல் கொண்டுவந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் வீட்டை அக்கம்பக்கத்துக்குத் தொல்லையாகும் விதத்தில் பயன்படுத்தினால், நிறுத்தச் சொல்லி ஓனர் நோட்டீஸ் கொடுக்கலாம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்கலாம். அந்த வழி அவருக்குத்தான் திறந்திருக்கிறது, மேல்வீட்டின் மேல் நீங்கள் நேராக அங்கே போக முடியாது.

கரண்டை நிறுத்தச் சொன்னீர்களே, அதை அவர் மறுத்தது சரிதான். என்ன தகராறு என்றாலும் குடியிருப்பவருக்கு மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்த அதே சட்டம் ஓனரை அனுமதிப்பதில்லை. நிறுத்தினால் மேல்வீட்டுக்காரர்கள் வாடகை அதிகாரியிடம் போய்ப் புகார் கொடுக்கலாம், அப்போது தவறு ஓனர் பக்கம் ஆகிவிடும். மோட்டார் சுவிட்சை நீங்கள் அணைத்து வைப்பது, துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடிப்பது, வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது, இதெல்லாமும் வேண்டாம், தவறு உங்கள் பக்கம் ஆகிவிடும்.

ஓனரிடம் போனில் புலம்பினால் "பார்க்கலாம்மா" என்பார், முடிந்தது. நாலு பேர் சேர்ந்து கொடுக்கிற வாடகை தேதி தவறாமல் வருகிறது, அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வராது. அதனால் எழுத்தில் போங்கள். வாட்ஸப்பில் இப்படி அனுப்பலாம்:

"ஐயா, வணக்கம். கடந்த சனிக்கிழமை இரவு 10.40 முதல் 1.15 வரை மேல் போர்ஷனில் அதிக சத்தத்தில் பாட்டு. ஞாயிறு காலை வாசலில் மூன்று பாட்டில்கள், ஒன்று உடைந்திருந்தது. படம் இணைத்துள்ளேன். இதற்கு முன் இரண்டு முறை நேரில் சொல்லியும் நிற்கவில்லை. இதை நிறுத்தச் சொல்லி அவர்களுக்கு நீங்கள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டாரும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் யோசனையில் இருக்கிறார்கள். அதற்குள் நீங்கள் ஒரு முடிவு சொன்னால் நல்லது."

கடைசி இரண்டு வரி அவரை அசைக்கும். போலீஸ் வந்து விசாரித்தால் வீட்டுச் சொந்தக்காரர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள், திருப்பூரிலிருந்து அவர் கிளம்பி வர வேண்டியிருக்கும். ஆனால் பக்கத்து வீட்டாரிடம் உண்மையிலேயே பேசிவிட்டு எழுதுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் அதையே தாளில் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பக்கத்து வீட்டாரை நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் பொதுத் தொல்லை என்பது 270-வது பிரிவு, தண்டனை 292-வது பிரிவில், 1000 ரூபாய் வரை அபராதம். (முன்பு 200 ரூபாய்தான்.) தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வேலைக்குப் போகிற பையன்களுக்கு அபராதத்தைவிட ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதுதான் பயம். ஆனால் அந்தப் பிரிவு அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் பொதுவாக ஏற்படும் தொல்லையைப் பற்றியது. நீங்கள் ஒருவர் மட்டும் போய் நின்றால் "மேல்வீடு கீழ்வீடு தகராறு" என்று எழுதி, இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். எதிர் வீடு, பின் வீடு என்று மூன்று வீட்டார் கையெழுத்துப் போட்டால் அது வேறு புகார்.

புகாரைக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இருந்தால்தான் அடுத்த முறை "ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம்" என்று சொல்ல முடியும். சத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே 100-க்கோ 112-க்கோ அழைப்பது தனி. ரோந்து வண்டி வந்து ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போனாலே பல வீடுகளில் வேலை முடிந்துவிடுகிறது. குடித்துவிட்டு கேட்டுக்கு வெளியே தெருவில் நின்று கலாட்டா செய்தால் அது இன்னொரு பிரிவு, அதையும் அப்போதே சொல்லுங்கள்.

பைக் விஷயம் எளிது. கேட்டுக்கு உள்ளே யாருக்கு எவ்வளவு இடம் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தரச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள்.

உங்கள் கணவர். அவர் கோபம் புரிகிறது. ஆனால் அவர் கை நீட்டிய அடுத்த நிமிடம் இந்தக் கதையில் புகார் கொடுப்பவர்கள் மேல்வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்கள், நீங்கள் தேதியும் மணியும் குறித்து வைத்த நோட்டுக்கு மதிப்பிருக்காது. சனிக்கிழமை ராத்திரி அவர் மேலே போகக் கூடாது, 112-ஐ அழைப்பது அவர் வேலை என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். கோபத்துக்கு ஒரு வேலை வேண்டும். வழக்குவரை போனால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். 15100-க்கு அழைத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி காட்டுவார்கள். வழக்கு போடாமல் சமரசம் பேசி வைக்கவும் அங்கே ஏற்பாடு உண்டு.

இத்தனையும் செய்தும் ஓனர் அசையவில்லை என்றால்? காலி செய்யுங்கள், ஆனால் அவர்கள் சொன்னதற்காக அல்ல, பரீட்சை முடிந்த பிறகு உங்கள் வசதிக்கு. மார்ச்சுக்கு முன் சாமான் கட்டுவது மகளுக்கு இந்தப் பாட்டைவிடப் பெரிய தொந்தரவு. அடுத்த வீடு பார்க்கும்போது புரோக்கர் கூட்டிப்போகிற ஞாயிற்றுக்கிழமைக் காலையோடு முடிவு செய்யாதீர்கள், சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். தெருமுனை இஸ்திரிக்காரருக்குப் புரோக்கரைவிட அதிகம் தெரியும். ஒப்பந்தத்தில் எத்தனை மாத நோட்டீஸ் என்று பார்த்து அதையும் எழுத்தில் கொடுங்கள். நீங்கள் முன்பு அனுப்பிய புகார்கள் அப்போது கைகொடுக்கும், "சொல்லியும் நீங்கள் செய்யவில்லை, அதனால்தான் போகிறோம்" என்று காட்டி பெயிண்ட் செலவு, அது இது என்று அட்வான்ஸில் பிடிப்பதைப் பேசிக் குறைக்கலாம். சாவியைக் கொடுப்பதும் அட்வான்ஸை வாங்குவதும் ஒரே நாளில், நேருக்கு நேர் நடக்கட்டும். "அப்புறம் ஜிபேயில் போடுகிறேன்" என்பதற்குத் தலையாட்டிவிடாதீர்கள்.