குசினி வேலைக்கு வரப்போற தம்பிக்கு

தம்பி, வீட்டில நல்லாச் சமைப்பன், ஆனா நாரி கொஞ்சம் பிரச்சினை, வெளிநாட்டில குசினி வேலை சரிவருமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். கோப்பை கழுவத் தொடங்கி இப்ப 18 வருசமாக் குசினியிலதான் நிக்கிறன். நிக்கிறன் எண்ட சொல்லைக் கவனியுங்கோ. சமையல் பிறகு, நிக்கிறதுதான் முதல் வேலை.

காலமை 10 மணிக்கு உள்ள போனா 2.30 வரைக்கும் மத்தியானச் சாப்பாட்டு வேலை. பிறகு ரெண்டு மூண்டு மணித்தியாலம் வெளியில விடுவினம், அதுக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை. வீடு தூரமெண்டால் போய்வரவும் நேரம் காணாது. நான் எத்தனையோ நாள் மா மூட்டைக்கு மேல படுத்திருக்கிறன். 5 மணிக்குத் திரும்ப ஏப்ரன் கட்டினா, அடுப்பை உரஞ்சிக் கழுவி வெளியில வர 12. மற்றாக்கள் வெளிக்கிட்டுத் திரியிற வெள்ளி, சனிதான் எங்களுக்கு முறியிற வேலை.

உங்கட நாரிக்கு வாறன். பாரம் தூக்கித்தான் நாரி போகுமெண்டு நினைப்பினம். 40 லீற்றர் சூப், பானையைச் சேர்க்காமலே 40 கிலோ வரும்தான். ஆனா அதுக்கு ஒரு ஆளைக் கூப்பிடலாம், இல்லாட்டி அள்ளி அள்ளி மாத்தலாம். என்ர நாரியைத் திண்டது பதிஞ்ச மேசை. குனிஞ்சபடி மணிக்கணக்கா வெங்காயம் வெட்டிப் பாருங்கோ, தெரியும். வெட்டுப்பலகைக்குக் கீழ இன்னொரு தடிச்ச பலகை வைச்சு, அடியில ஈரத்துணி விரியுங்கோ, வழுக்காது. செஃப் முறைச்சால் முறைக்கட்டும். சப்பாத்தில காசு மிச்சம் பிடிக்காதேங்கோ: எண்ணெய் சிந்தின நிலத்தில வழுக்காத அடி வேணும், அரை நம்பர் பெரிசா எடுங்கோ, பின்னேரம் கால் வீங்கும்.

சுடுகாயம் ஆரையும் விடாது. முதல் மாதமே ஓவனுக்குள்ள இருந்த சூட்டுத் தட்டை ஈரத்துணியால பிடிச்சன். ஈரம் சூட்டை உடன கடத்தும், ஆவியாகிக் கையையும் அவிக்கும். தட்டைக் கீழ போட மனமில்லாமல் மூண்டு எட்டு நடந்து மேசையில வைச்சன். உள்ளங்கையில அந்தக் கோடு இண்டைக்கும் கிடக்கு. பக்கத்தில நிண்டவன் பற்பசை பூசச் சொன்னான். பூசாதேங்கோ, ஐஸும் வேண்டாம். ஓடுற குளிர்தண்ணிக்குக் கீழ 20 நிமிசம் பிடிக்கவேணும். நெரிசல் நேரத்தில 20 நிமிசம் ஆர் விடுவினம் எண்டு கேப்பீங்கள். கேட்டுக்கொண்டு நிக்காமல் போங்கோ.

பாஷை தெரியாதெண்டு பயப்பிடவேண்டாம். "பின்னால வாறன்", "சூடு", "கத்தி", இந்த மூண்டையும் அந்தநாட்டுப் பாஷையில சத்தமாச் சொல்லப் பழகினால் முதல் கிழமை ஓடும். கூச்சத்தில வாய் திறக்காமல் கொதிதாச்சியோட ஒருத்தருக்குப் பின்னால போறவன்தான் ஆபத்தான ஆள்.

நாரி டிஸ்க் பிரச்சினையெண்டால், டொக்டரிட்டக் காட்டாமல் ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்காதேங்கோ. வெறும் பிடிப்பெண்டால், சேரமுன்னம் ஒரு வெள்ளி இரவு வந்து நிண்டு பாக்கட்டோ எண்டு முதலாளியிட்டக் கேளுங்கோ. அடுத்தநாள் காலமை கட்டிலால எழும்பேக்க எப்படி இருந்ததெண்டு எனக்கு எழுதுங்கோ.